இரும்புக்கு வைத்த பெயர்

செத்தவன் பெயரை வடதுருவக் கடலோரத்துக் கங்கார்சுக்கில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அடுத்து ஒரு குழந்தை பிறந்து, அந்தப் பெயரை அதற்குக் கொடுக்கும்வரை நாக்கைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். உடம்பை விட்டுப் போன பெயர் போக்கிடம் இல்லாமல் குளிரில் நிற்கிறது. அதைச் சும்மா கூப்பிட்டு அலைக்கழிப்பது பாவம். அதனால், நாதுக்கின் தம்பி மார்ச் மாதம் உறைந்த கடலில் விழுந்து இறந்த நாளிலிருந்து ஊரார் அவனை "நாதுக்கின் தம்பி" என்றே சொல்லிவந்தார்கள். இந்தக் கதையிலும் இப்போதைக்கு அவன் நாதுக்கின் தம்பிதான்.

அவனைக் கொன்றது சொந்த ஊர்ப் பாதை. கங்கார்சுக்கிலிருந்து வளைகுடாவைக் கடந்து, பனியில் துளையிட்டுத் தூண்டில் போடும் இடத்துக்குப் போகிற நாய்வண்டித் தடம் அது. கடல் உறைந்த நாள் முதல் உருகும் நாள் வரை ஊரே அதில்தான் போகும், வரும். தெரியாத பனிமேல் போகிறவன் இரும்பு முனைக் கழியால் குத்திக் குத்திப் பார்த்துத்தான் கால் வைப்பான். ஊர்த் தடத்தில் யாரும் குத்திப் பார்ப்பதில்லை. தன் வீட்டுக்குள் போகிறவன் கதவைத் தட்டிவிட்டா போகிறான்?

மலைமுனைக்கு அப்பால், ஊர்க்கண்ணுக்கு மறைவாக, ஒரு கப்பல் அந்தத் தடத்தைக் குறுக்கே பிளந்துகொண்டு போயிருந்தது. பிளந்த இடம் குளிரில் மெல்லிய தோலாக மூடிக்கொண்டது. அதன்மேல் பனி தூவியது. பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளை. வண்டி, நாய்கள், மனிதன் எல்லாம் போயிற்று. தேடப் போனவர்கள் ஒரு கையுறையோடு திரும்பி வந்தார்கள். உடம்பைக் கடல் வைத்துக்கொண்டது. நாதுக்குக்கு மிஞ்சியது பெயர் ஒன்றுதான்.

நாதுக் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். பெற்றவர்கள் போன பிறகு தம்பிக்குச் சோறு போட்டு, காலணி தைத்துக் கொடுத்து, முதல் சீல் வேட்டைக்கு அனுப்பி வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையுறையை அவள் கையில் கொடுத்தபோது அவள் அழாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தக் கப்பல்?"

அந்த மாதம் வளைகுடாவுக்குள் இரண்டு கப்பல்கள் நுழைந்திருந்தன. வளைகுடாவின் கடைசியில் நிற்கிற மலைக்குள் ஒரு மண் இருக்கிறது. கைபேசியிலிருந்து ஏவுகணை வரைக்கும் அது இல்லாமல் ஓடாதாம். அதற்காக உலகத்தின் இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் கங்கார்சுக்கின் வாசலில் வந்து நின்றார்கள். இவன் முந்திவிடுவானோ என்று அவனுக்குப் பயம். அவன் முந்திவிடுவானோ என்று இவனுக்குப் பயம். பந்திக்கு முந்துகிற அவசரத்தில் கோடைக்குக்கூடக் காத்திராமல் பனியைப் பிளந்துகொண்டு வந்தார்கள். இருவர் கொடியிலும் நட்சத்திரம் இருந்ததால், ஊர்க் கடைக்காரர் ஒருவருக்கு ஐம்பது நட்சத்திரம் என்றும் மற்றவருக்கு அஞ்சு நட்சத்திரம் என்றும் பட்டம் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

ஐம்பது நட்சத்திரக்காரர்கள் தங்கள் கப்பல் அந்த வாரம் வெளிக்கடலில் நின்றது என்றார்கள். அஞ்சு நட்சத்திரக்காரர்களும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னார்கள். தலைநகர் நூக்கில் கேட்டால், மேலாட்சி செய்கிற கோபன்ஹேகனைக் கேள் என்றார்கள். கோபன்ஹேகனில் கேட்டால் நூக்கைக் கேள் என்றார்கள். நாதுக் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க எல்லோரும் அவளிடம் இன்னும் மரியாதையாகப் பேசினார்களே தவிர, ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஊர்க் கடைக்காரருக்கும் இறந்தவனுக்கும் ஒரே பெயர். இருவருக்கும் அது ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. பெயர் ஒன்றானால் உறவும் ஒன்று. அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் நாதுக்கை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அவளும் அவரைத் "தம்பி" என்பாள். சாவுக்குப் பிறகு அவர் பெயரையும் ஊர் சொல்லாமல் விட்டுவிட்டது.

"பொண்டாட்டிகூட 'ஏ கடைக்காரா'ன்னுதான் கூப்பிடுறா, அக்கா. என்னைக்குக் கொழம்புக்குப் பில் கேப்பாளோன்னு இருக்கு" என்றார் அவர், காபித்தூளை அவள் பையில் போட்டபடியே.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. பிபாலுக்குக்குக் குழந்தை பொறந்ததும் உங்களுக்கும் பேர் திரும்பி வந்துரும்."

"அதுக்குள்ள நான் செத்துட்டா?"

"செத்தா வரிசையில நில்லுங்க. முதல்ல என் தம்பி."

அவர் சிரித்தார். நாதுக்கும் சிரிக்கப் பார்த்தாள்.

ஊரில் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி பிபாலுக் ஒருத்திதான். நாதுக்கிடம் படித்த பெண். பிரசவத்துக்கு இலுலிசாத் ஆஸ்பத்திரிக்குப் போக ஹெலிகாப்டர் ஏறுவதற்கு முன் அவள் நாதுக்கின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"ஆணோ பொண்ணோ, உங்க தம்பி பேருதான், டீச்சர். இதுவும் அவரை மாதிரியே சும்மா இருக்காம ராப்பகலா உதைக்குது."

நாதுக்குக்கு அந்த ஒரு வாக்குப் போதுமாயிருந்தது. பெயர் போய்ச் சேர ஒரு வீடு கிடைத்துவிட்டது. அந்தக் குழந்தை அவளுக்குத் தம்பி. வளர்ந்ததும் அவளை அக்கா என்று கூப்பிடும். அவளுக்கு மட்டுமல்ல, ஊருக்கே அதில் சந்தேகம் இல்லை.

பிபாலுக் போன அடுத்த வாரம் ஐம்பது நட்சத்திரக்காரர்கள் பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மலையடிவாரத்தில் துறைமுகம் கட்ட ஊரின் சம்மதம் வேண்டும். வந்தவர்களில் தலைமை ஓர் அம்மாள். புத்தம்புது சீல்தோல் கோட்டு போட்டிருந்தார். மொழிபெயர்க்க நூக்கிலிருந்து இனுத்தெக் என்ற அரசாங்க அதிகாரி வந்திருந்தான். அந்நியன் இல்லை. நாலு தீவு தள்ளிப் பிறந்தவன். சின்ன வயதில் கங்கார்சுக்குக்கு வந்து கால்பந்து ஆடியவன்.

அம்மாள் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினார். பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். பிறகு குரலை இறக்கி, நெஞ்சில் கையை வைத்து, இறந்தவனின் பெயரைச் சொன்னார்.

முன்வரிசைக் கிழவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு தாய் தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். அம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார், மூன்றாம் முறையும் சொன்னார். "பொறுப்பில்லாத வேறொரு நாட்டுக் கப்பலால்" பலியான அந்த வீரனின் நினைவாக ஊருக்கு ஒரு மீட்புப் படகைப் பரிசாகத் தருகிறோம், கடல் திறந்ததும் வரும், அதன்மேல் அவன் பெயரைப் பொறித்திருக்கிறோம் என்றார். திரையில் படகின் படம் வந்தது. சிவப்புப் படகு, பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் அந்தப் பெயர்.

நாதுக் எழுந்தாள்.

"அந்தப் பேரை அதுல எழுதக் கூடாது. அழிக்கச் சொல்லு, இனுத்தெக். அது இன்னும் குழந்தைக்குப் போய்ச் சேரலை. பேர் வேணாம், எந்தக் கப்பல்னு மட்டும் சொல்லச் சொல்லு."

இனுத்தெக் ஆங்கிலத்தில் சொன்னான்: "இவங்க அவரோட அக்கா. ரொம்ப நெகிழ்ந்துபோயிருக்காங்க. நன்றி சொல்றாங்க."

நாதுக் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள் என்பது அவனுக்கு எப்படித்தான் மறந்ததோ. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அந்த அம்மாளுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நான் நன்றி சொல்லலை. இவன் பொய் சொல்றான். என் தம்பி பேரை உங்க படகுலேருந்து எடுங்கன்னு சொன்னேன்."

அம்மாளின் முகம் பரிவால் குழைந்தது. துக்கத்தில் இருக்கிறவர்களை எப்படிக் கையாள்வது என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். "உங்கள் வலி எங்களுக்குப் புரிகிறது" என்றார். பெயர் ஏற்கெனவே எல்லாப் பத்திரிகைக்கும் போய்விட்டதாகவும், அதை இனி மாற்றுவது அவன் நினைவுக்கே அவமரியாதை ஆகிவிடும் என்றும் சொன்னார். படம் எடுப்பவன் நாதுக்கை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் இனுத்தெக் வாசலில் அவள் வழியை மறித்து நின்றான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. பெரிய விஷயம் நடக்குது. இந்த நேரத்துல போய்ப் பழைய காலத்து நம்பிக்கையெல்லாம்..."

"உன் பேர் யாரோடது?"

"எங்க அம்மாவோட அப்பாவோடது."

"உங்க அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவன் கோட்டின் ஜிப்பை மேலே இழுத்தான்.

"கேக்குறேன்ல. எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அப்பான்னு."

"அந்தப் பேரைக் கொண்டுபோய் ஒரு டீசல் டேங்க்ல எழுதியிருந்தா, உங்க அம்மாவுக்கு அப்பா ஏதுடா?"

அவன் காலணி முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு மேல ஆளுங்க இருக்காங்க, அக்கா" என்றான். மேலே இருக்கிறவர்களுக்கும் மேலே ஆள் இருப்பார்கள். அப்படி ஏறிக்கொண்டே போனால் உச்சியில் யாருமே இருக்க மாட்டார்கள் என்று நாதுக்குக்குத் தோன்றியது.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அடுத்து அஞ்சு நட்சத்திரக்காரர்கள் வந்தார்கள். எதிரி படகு கொடுத்தால் தாங்கள் சும்மா இருக்க முடியுமா? பெரிய இரும்புப் பெட்டி ஒன்றை, கட்டிலும் மருந்து அலமாரியும் உள்ளே வைத்து, மருத்துவமனை என்று சொல்லித் தங்கள் பனி உடைக்கும் கப்பலிலிருந்து கரையில் இறக்கினார்கள். உள்ளே உட்கார மருத்துவர் இல்லை. அவர் பிறகு வருவாராம். ஆனால் வாசலுக்கு மேலே மரப்பலகை வந்துவிட்டது. "வேறொரு நாட்டுக் கப்பலால்" பலியான வீரனின் நினைவாக என்று எழுதி, கீழே அதே பெயர். நாதுக் அவர்களிடமும் போய்ச் சொன்னாள். அவர்களும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் மேலாளர் அவளுக்கு ஒரு பட்டுத் துணி கொடுத்தார்.

ஒரு கப்பல் அவள் தம்பியைக் கொன்றது. இப்போது இரண்டு நாடும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவனை இழுத்துக்கொண்டிருந்தன. கொன்றது யார் என்று கேட்டவளுக்குப் பதிலாக அவன் பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் இரும்பின்மேல் ஏற்றி.

மே மாதக் கடைசியில் பிபாலுக் இலுலிசாத்திலிருந்து போன் செய்தாள். ஆண்குழந்தை. பின்னாலேயே அதன் அழுகை கேட்டது. சாதாரண அழுகையில்லை, தொண்டை கிழிகிற மாதிரி.

"பொறந்ததுலேருந்து இப்படித்தான், டீச்சர். நர்ஸ் வயித்து வலிங்கிறாங்க. எனக்குத் தெரியும். பேருக்கு அழுறான்."

"அப்புறம் என்ன, வையேன்டி."

குழந்தை மட்டும் அழுதது.

"நானும் போன்ல பார்த்தேன், டீச்சர். படகு, ஆஸ்பத்திரி, எல்லாத்தையும். உலகம் பூரா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுது. பேர் அங்க நிக்கும்போது நான் இங்க எப்படி இவனைக் கூப்பிடுறது? பாதி இவன்கிட்டயும் பாதி இரும்புலயும்னா இவனும் பனிக்குள்ள போயிருவான். எனக்குப் பயமா இருக்கு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "முதல்ல அதை அங்கேருந்து எடுங்க. எடுத்ததும் சொல்லுங்க. இல்லேன்னா என் மாமனார் பேரைத்தான் வைக்கணும். இவன் அழுறதை என்னால கேக்க முடியலை."

நாதுக் போனை வைத்தாள். மாமனார் பெயரைக் குழந்தைக்கு வைத்துவிட்டால் அவ்வளவுதான். ஊரில் வேறு கர்ப்பிணி இல்லை. படகிலும் பலகையிலும் எழுதின பெயரை இனி எந்தத் தாயும் தொட மாட்டாள். அவள் தம்பி முழுதாகச் செத்துப்போவான்.

ஜூனில் கடல் திறந்தது. முதல் சரக்குக் கப்பலில் படகு வந்து இறங்கியது. அதைக் கரையில் சட்டத்தின்மேல் நிறுத்தி, கொடி கட்டி, விழா வைத்தார்கள். அந்த அம்மாள் வந்தார். இனுத்தெக் வந்தான். உபெர்னாவிக்கிலிருந்து போலீஸ்காரன் யாகு வந்தான். அவனும் நாதுக்கிடம் எழுத்துப் படித்தவன்தான். ஊர் வழக்கப்படி காபியும் கேக்கும் மேசையில் இருந்தன. விருந்து வைத்தால் போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்று ஊரும் வந்திருந்தது. பாட்டு முடிந்து அம்மாள் பேச எழுந்த நேரத்தில், நாதுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படகுக்குப் போனாள்.

அவள் கையில் உலு இருந்தது. சீல் தோலிலிருந்து கொழுப்பைச் சீவுகிற பிறைக்கத்தி. எந்த வீட்டுப் பெண்ணிடமும் இருப்பதுதான். முதல் எழுத்தின்மேல் கத்தியை வைத்து, தோலைச் சீவுகிற மாதிரியே உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுத்தாள். வெள்ளைப் பெயின்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. கீழே இரும்பு பளபளத்தது.

அம்மாள் பேச்சை நிறுத்தினார். இனுத்தெக் யாகுவின் முதுகில் கை வைத்துத் தள்ளினான். யாகு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றினான். கழற்றின பிறகுதான் தான் போலீஸ் என்று ஞாபகம் வந்து மறுபடி போட்டுக்கொண்டான்.

"டீச்சர், நிறுத்துங்க. இது மத்தவங்க சொத்து."

"பேர் யார் சொத்து?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சட்டப்படி நான்..."

"சட்டம் இருக்கா? அப்போ எந்தக் கப்பல்னு கண்டுபிடிச்சியா? மார்ச்லேருந்து கேக்குறேன். அதுக்கு வராத சட்டம் பெயின்ட்டுக்கு மட்டும் ஹெலிகாப்டர் ஏறி வருதா?"

அப்போது கூட்டத்திலிருந்து கடைக்காரர் கேக் தட்டோடு வந்தார்.

"தம்பி யாகு, எழுதிக்க. அந்தப் படகுல இருக்கிறது என் பேரு. சர்க்கார் அட்டையில பாரு, அதே பேர்தான். என்னைக் கேக்காம எழுதியிருக்காங்க. அழிக்கச் சொன்னது நான்தான். பிடிக்கிறதுன்னா என்னைப் பிடி. ஆனா கடையைப் பூட்டிட்டு வரேன், இல்லேன்னா உங்கம்மா கடன்ல சக்கரை அள்ளிட்டுப் போயிருவாங்க."

சிரிக்கக் கூடாத இடத்தில் கூட்டம் சிரித்துவிட்டது. யாகுவுக்கும் உதடு நடுங்கியது. அந்த அம்மாளுக்கு இனுத்தெக் எதை மொழிபெயர்த்தானோ தெரியாது. அவர் புன்னகையை எடுக்க மறந்து நின்றார். நாதுக் சீவிக்கொண்டே இருந்தாள். கை சலித்தபோது மீன் வெட்டும் கூடத்துப் பெண் ஒருத்தி தன் உலுவோடு வந்து மறுபக்கத்தில் ஆரம்பித்தாள். பிறகு இன்னொருத்தி. யாரும் கோஷம் போடவில்லை. கரையில் சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொழுத்த சீலை உரித்துப் போட்ட இடத்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி அவர்கள் குனிந்து வேலை பார்த்தார்கள்.

கடைசி எழுத்தும் போனதும் நாதுக் நிமிர்ந்து அம்மாளைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்.

"உங்களுக்குப் பேர் வேணும்னா உங்க வீட்டுல செத்தவங்க பேரை வைங்க. எங்க வீட்டுல செத்தவன் எங்களுக்கு வேணும்."

அதோடு நிற்கவில்லை. கடைக்காரரிடம் ஸ்பானர் வாங்கிக்கொண்டு நேரே இரும்புப் பெட்டி மருத்துவமனைக்கு நடந்தாள். பலகை நட்டு போட்டு முறுக்கியிருந்தது. ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பலகை விழுந்து கல்லில் இரண்டாகப் பிளந்தது. பெயர் இருந்த பாதியை மட்டும் அவள் தூக்கிப் போய் அடுப்பில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நெஞ்சு கொதிக்கிற காரியம். படகில் பெயர் சுரண்டிய படம் உலகம் சுற்றியது. அஞ்சு நட்சத்திரக்காரர்களின் பத்திரிகை, ஐம்பது நட்சத்திரத்தின் ஆக்கிரமிப்பை வடதுருவப் பெண்கள் விரட்டுகிறார்கள் என்று எழுதியது; பலகை விழுந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. ஐம்பது நட்சத்திரக்காரர்களின் பத்திரிகை, அஞ்சு நட்சத்திரத்தின் காசு வாங்கிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட டீச்சர் கலவரம் மூட்டினாள் என்றது. பலகையின் படத்தைப் போட்டு, அஞ்சு நட்சத்திரத்தின் ஆக்கிரமிப்பை அதே பெண்கள் விரட்டுகிறார்கள் என்றும் அதுவே எழுதியது. தம்பியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவர்கள் இப்போது அவளுடைய கோபத்தையும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவளுக்குப் போன் செய்து ஏனம்மா சுரண்டினாய் என்று கேட்கவில்லை.

சேதமான பொருளைத் தர இயலாது என்று படகை அடுத்த கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது துறையில் நின்ற ஒரு மீன்காரர் நாதுக்கின் முகத்துக்கு நேரே சொன்னார்.

"நல்ல எஞ்சின் அதுல. நாளைக்கு என் மகன் கடல்ல மாட்டினா உங்க கத்தியை வெச்சா இழுத்துட்டு வருவீங்க?"

அவர் கேட்டதும் நியாயம்தான். உயிர் காக்கிற படகை வேண்டாம் என்று சொல்ல வைத்தவர்கள்மேல் அவளுக்கு இருந்த வன்மம் அன்றைக்கு இன்னும் ஒரு பங்கு கூடியது. பெயரில்லாமல் கொடுத்திருக்கலாமே. வெறும் படகாகக் கொடுத்திருந்தால் ஊர் கும்பிட்டு வாங்கியிருக்குமே. அவர்களுக்குப் படகு கொடுப்பது நோக்கமில்லை.

அவள் விழா முடிந்த கையோடு இலுலிசாத்துக்குப் போன் செய்திருந்தாள். "எடுத்தாச்சு. ரெண்டையும்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் பிபாலுக் போனை வைக்காமலே குழந்தையின் காதருகே குனிந்து எதையோ சொன்னது கேட்டது. அழுகை ஒரு விக்கலில் நின்றது.

ஜூலையில் பிபாலுக் பிள்ளையோடு வந்து இறங்கினாள். மாதா கோயிலில் ஊர் முழுக்க நெருக்கியடித்து நின்றது. உபதேசியார் குழந்தையின் தலையில் தண்ணீர் விட்டு, "இமினா" என்றார்.

இமினா. இனிமேல் சொல்லலாம். எல்லோரும் சொன்னார்கள். இத்தனை மாதமாக அடைத்துவைத்த வாய்கள் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி, இமினா, இமினா என்று ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து குழந்தையிடம் சொல்லிப் பார்த்தார்கள். கடைக்காரரின் மனைவி அந்தக் கூட்டத்திலேயே தன் புருஷனையும் அந்தப் பெயரால் ஒரு தடவை அதட்டிவிட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்றாள். இறந்தவனோடு மீன் பிடித்தவர்கள், அவனுக்குப் பிடித்த உலர்ந்த மீனைக் குழந்தையின் போர்வைக்குள் சொருகினார்கள். இன்னும் பல் முளைக்காத அதனிடம், அடுத்த குளிர்காலத்துக்கு நல்ல நாய்க்குட்டி வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு நாதுக் குழந்தையை மடியில் வாங்கினாள். பால் வாசனையடித்தது. கைகளை முஷ்டியாக மடக்கிவைத்து, புருவத்தைச் சுளித்து அவளைப் பார்த்தது. கொஞ்சத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"வந்துட்டியாடா? வா. நாய்ங்க நின்னுச்சாமே. தடத்துல வாசனை விட்டுப்போன இடத்துல முன்நாய் நின்னு, பின்னாடி நகர்ந்து, உக்காந்திருக்கு. காலடியைப் பார்த்தவங்க என்கிட்ட மட்டும் வந்து சொன்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை. நீ இறங்கிப் பாக்காம சாட்டையை எடுத்திருக்கே. ஊர்த் தடம்தானேன்னு. ஏன்டா எடுத்தே? நான் அப்படியா வளர்த்தேன்?"

பிபாலுக் கதவருகே ஈரத்துணியோடு நின்றுவிட்டாள். நாதுக்கின் குரல் ஏறிக்கொண்டே போனது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மார்ச்சில் அழாதது எல்லாம் இப்போது வந்தது.

"சரி, உன்னைத் திட்டிட்டேன். முடிஞ்சுபோச்சு. இப்ப நீ சொல்லு. நீ அங்கதான் இருந்தே. பனி பிளந்த தடம் எந்தப் பக்கம் போச்சுன்னு நீ பார்த்திருப்பே. இந்த உலகத்துல யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்கடா. எந்தக் கப்பல்?"

குழந்தை கொட்டாவி விட்டது.

"பொறந்து ஒன்றரை மாசம்கூட முழுசா ஆகலை, டீச்சர்" என்றாள் பிபாலுக் மெதுவாக. "பச்சைப் பிள்ளையைப் போய் விசாரிக்கிறீங்களே."

"நீ சும்மா இருடி" என்றாள் நாதுக், கண்ணைத் துடைக்காமலே. "நான் என் தம்பிகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்."